மரப்பொந்துத் தண்ணீரில் சதுப்பு வண்டுப் புழுக்கள்: மூடுவதா, விடுவதா?

சேர்வராயன் (ஏற்காடு)

வணக்கம். எங்கள் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் பழைய பலா மரம் ஒன்றில், கிளை பிரியும் இடத்தில் ஒரு பொந்து இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் அதில் கரும்பழுப்பு நிறத்தில் தண்ணீர் நிற்கும். கொசு ஒழிப்புப் பணிக்கு வந்தவர்கள் அதை மணல் போட்டு மூடச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூடுவதற்கு முன்பு கொஞ்சம் தண்ணீரை முகந்து வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். கொசுப்புழுக்கள் நெளிந்தன. அவற்றோடு வேறொரு பூச்சியும் இருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, தட்டையான, பழுப்பு நிறப் புழு. ஆறு கால்கள். தலையிலிருந்து இரண்டு நீண்ட உணர்கொம்புகள். மட்கிய இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. சில நேரம் தண்ணீர்ப் பரப்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக நடக்கிறது.

இது என்ன பூச்சி? கொசுப்புழுவைத் தின்னுமா? பொந்தை மூடிவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீரகம் (திருநெல்வேலி)

சேர்வராயன், நீண்ட உணர்கொம்பு, தட்டை உடல், தலைகீழ் நடை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது சதுப்பு வண்டின் இளம்புழு. சிர்டிடே என்பது குடும்பப் பெயர். உறுதி செய்துகொள்ள விரும்பினால் உருப்பெருக்கி வைத்து உணர்கொம்பைப் பாருங்கள். மற்ற வண்டுகளின் புழுக்களுக்கு அது பெரும்பாலும் மூன்று கணுக்களோடு குட்டையாக நின்றுவிடும். சதுப்பு வண்டின் புழுவுக்கு அது நிறையக் கணுக்களாகப் பிரிந்து நீண்டிருக்கும். பெயரிடப்பட்ட வண்டினங்கள் உலகில் சுமார் நான்கு லட்சம். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு பாலிபேகா என்ற பெரும்பிரிவில் அடங்கும். அந்தப் பிரிவில் மிக முன்னதாகக் கிளை பிரிந்த வழிகளில் ஒன்று இந்தச் சதுப்பு வண்டுகளின் வழி என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் பலா மரத்துப் பொந்தில் இருப்பது அவ்வளவு பழைய குடி.

தலைகீழாக நடப்பது மூச்சுக்காக. மூச்சுத்துளைகள் வால்பக்கத்தில் இருக்கின்றன. மேற்பரப்புக்கு வந்து வால்முனையில் ஒரு காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு திரும்ப இலைக்குள் போய்விடும். இலை மட்கும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன் தாங்காத அந்தத் தண்ணீரில் இந்தப் புழு சுகமாக வாழ்வதற்கு இந்தக் குமிழ் ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

முதிர்ந்த வண்டு தண்ணீருக்குள் வாழ்வதில்லை. பெரும்பாலானவை 2 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். தலை கீழ்நோக்கி மடங்கியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் தலையே இல்லாதது போலத் தோன்றும். கரையோரச் செடிகளில் இருக்கும், இரவில் விளக்குக்கு வரும். சிர்டெஸ் பேரினத்தைச் சேர்ந்தவற்றுக்குப் பின்னந்தொடை பருத்திருக்கும். தொட்டால் துள்ளிக் குதித்துவிடும். கையில் பிடித்துக் காட்டுவது கடினம்.

கிராமச் செவிலி (கிருஷ்ணகிரி)

இந்த இழையில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. அது கொசுப்புழுவைத் தின்கிறதா, இல்லையா?

எங்கள் பகுதியில் ஒவ்வொரு ஆண்டும் பருவமழை முடிந்ததும் டெங்குக் காய்ச்சல் வருகிறது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவரும் தாய்களை நான் பார்க்கிறேன். பூச்சி அழகாக இருக்கிறது, பழைய குடி என்றெல்லாம் எழுதுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் தேங்கி நிற்கும் தண்ணீர் எதுவாக இருந்தாலும் என் கண்ணுக்கு முதலில் கொசுதான் தெரியும். மரப்பொந்தை மணலால் மூடுவது எங்கள் வழிகாட்டுதலில் உள்ள வழக்கமான முறை. டெங்குவைப் பரப்பும் வரிக்கால் ஏடிஸ் கொசு வகைகளில் ஆல்போபிக்டஸ் மரப்பொந்தில் நன்றாகவே முட்டையிடும். அதனால் தெளிவான பதில் வேண்டும்.

நீரகம் (திருநெல்வேலி)

தெளிவாகவே சொல்கிறேன், அம்மா. தின்பதில்லை.

சதுப்பு வண்டுப் புழுவின் வாயுறுப்பு வேட்டைக்கு அமைந்ததல்ல. நுண்ணிய மயிர்கள் சீப்புப் பல்லாக அடுக்கி நிற்கும். பூஞ்சை பிடித்து மென்மையான இலையின் மேற்பரப்பைச் சுரண்டும். சுரண்டிய துகள்களைச் சேர்த்து வாய்க்குள் தள்ளும். வேறு வேலை அதற்கு இல்லை.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. வண்டுகளின் மீது அன்பு கொண்டவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. அமெரிக்க மரப்பொந்துகளில் வாழும் கொசு, சதுப்பு வண்டு ஆகிய இரண்டையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். வண்டுப் புழு இலையைச் சுரண்டித் தின்று வெளியேற்றும் எச்சம், கொசுப்புழுவுக்கு உணவாகிறது என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. முழு இலையைக் கொசுப்புழுவால் கடித்துத் தின்ன முடியாது. தண்ணீரில் மிதக்கும் துகளையும் நுண்ணுயிரையும்தான் அது வடிகட்டித் தின்னும். அந்தத் துகளை உண்டாக்குபவற்றுள் சதுப்பு வண்டும் ஒன்று. ஆகவே கொசுவை ஒழிக்கும் நண்பன் என்ற பட்டத்தை இதற்குக் கொடுக்க முடியாது.

பொந்தில் கொசுவைத் தின்பவை வேறு. டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுக்களின் பேரினம் இருக்கிறது. அதன் பெண் மனிதரைக் கடிக்காது, பூந்தேன் மட்டும் குடிக்கும். அதன் புழு மற்ற கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். அந்தப் பேரினத்தின் ஸ்ப்ளென்டென்ஸ் என்ற இனம் இந்தியாவிலும் உண்டு. சேர்வராயன், உங்கள் தட்டில் மற்ற கொசுப்புழுக்களை விட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, சிவந்த பழுப்பில் ஒன்று தெரிந்தால் அதுவாக இருக்கலாம்.

பூஞ்சை, சதுப்பு வண்டு, துகள், கொசுப்புழு, அதைத் தின்னும் பெரிய கொசுப்புழு என்று ஒரு பொந்துக்குள் இவ்வளவு நடக்கிறது. இதில் முதல் வேலைக்காரர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் இலை மட்காமல் தங்கும். பெரிய சதுப்பு நிலங்களிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே அதன் பலன் கொசுவோடு நிற்பதில்லை.

கிராமச் செவிலி (கிருஷ்ணகிரி)

நேராகச் சொன்னதற்கு நன்றி, ஐயா. அப்படியானால் என் நிலை இது. வீடு, பள்ளி, தொழிலாளர் குடியிருப்பு ஆகியவற்றைச் சுற்றி இருக்கும் பொந்துகளை மூட வேண்டும். ஏடிஸ் கொசு வெகுதூரம் பறப்பதில்லை; பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். குடியிருப்பிலிருந்து தள்ளி, காட்டை ஒட்டி இருக்கும் பொந்தில் கை வைக்க வேண்டியதில்லை. சேர்வராயன், உங்கள் பலா மரம் எங்கே நிற்கிறது?

சேர்வராயன் (ஏற்காடு)

தோட்டத்தின் மேல்கோடியில் நிற்கிறது. அதற்கு அப்பால் சோலைக்காடு. தொழிலாளர் வீடுகள் சரிவின் அடிவாரத்தில் இருக்கின்றன; சாலை வழியாகப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். ஆனால் அந்த வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மரங்களிலும் பொந்து இருக்கிறது.

கிராமச் செவிலி (கிருஷ்ணகிரி)

அந்த இரண்டையும் மூடுங்கள். மேல்கோடியில் உள்ளதை விட்டுவிடுங்கள். வீடுகளைச் சுற்றிக் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு, திறந்த தொட்டி ஆகியவற்றைப் பார்த்தீர்களா? மரப்பொந்தை விட அவைதான் எனக்குக் கவலை தருபவை. அங்கே சதுப்பு வண்டைப் பற்றிய கேள்வியே எழாது. வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவிட்டால் போதும்.

இன்னொன்று. மேல்கோடிப் பொந்தில் டெமிபாஸ் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்ற வேண்டாம். அந்த மருந்து கொசுப்புழுவை மட்டும் தேடிப்போய்க் கொல்வதில்லை.

பிரம்புக்கோரை (கேம்பிரிட்ஜ்)

நான் தஞ்சாவூர்க்காரன், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகில் வசிக்கிறேன். இங்கே சதுப்பு வண்டுகளை அவற்றின் சொந்த நிலத்திலேயே பார்க்க முடியும். இங்கிலாந்துக் காடுகளிலும் பீச் மரத்துப் பொந்துத் தண்ணீரில் வாழும் ஓர் இனம் இருக்கிறது, பிரியோனோசைபோன் செர்ரிகார்னிஸ். சேர்வராயன் எழுதியதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

விக்கன் ஃபென் என்ற சதுப்பு நிலம் என் வீட்டிலிருந்து மிதிவண்டித் தூரம். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 1899இல் அதில் முதல் துண்டு நிலத்தை வாங்கியது. ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் சதுப்பாக இருந்தது. 1600களில் தொடங்கிய வடிகால் வேலைகள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வயலாக்கிவிட்டன. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தரைமட்டத்துக்கு அடித்து இறக்கினார்கள். பக்கத்து ஏரியை வடித்த பிறகு கரிமண் காய்ந்து சுருங்கி, இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. தூணுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, போன நிலத்தின் உயரம் தலைக்கு மேலே தெரியும்.

நான் சொல்ல வந்தது அறுவடை முறையைப் பற்றி. விக்கன் ஃபென்னில் கூரை வேய்வதற்கான கோரையை 1414ஆம் ஆண்டிலிருந்தே அறுத்துவருவதாகப் பதிவு இருக்கிறது. இன்றும் அறுக்கிறார்கள். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் அறுப்பதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வரும்படி அறுக்கிறார்கள். அறுக்காத பகுதி எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் பூச்சிகளுக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. சதுப்பு வண்டின் புழு வளர்ந்த பிறகு தண்ணீரை விட்டு வெளியேறி, கரையோர ஈர மண்ணிலோ பாசியிலோ கூட்டுப்புழுவாகும். பெரும்பாலான இனங்களுக்கு இதுதான் வழி. எனவே அதற்குத் தண்ணீர் வேண்டும், சேறு வேண்டும், செடியும் வேண்டும். மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நாரைக்கண் (சென்னை)

பிரம்புக்கோரை எழுதிய கடைசி வரியை எங்கள் ஏரியைச் சீரமைத்தவர்கள் படித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நான் பறவை பார்ப்பவன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வெகுகாலமாகப் போய்வருகிறேன். 2022இல் அது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். 2002இல் கோடியக்கரை ஒன்றுதான் தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது. இப்போது 20 இடங்கள். இதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு.

ஆனால் பட்டியலில் இல்லாத ஏரிகளைப் பாருங்கள். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. முன்பு ஒரு பக்கம் சேறும் சம்பும் கோரையுமாக இருக்கும். குளிர்காலத்தில் உள்ளான்களும் வாலாட்டிகளும் அந்தச் சேற்றில் ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும். சீரமைப்பு என்ற பெயரில் சுற்றிலும் செங்குத்தாகக் கரை எழுப்பி, கருங்கல் பதித்து, மேலே நடைபாதையும் விளக்குகளும் போட்டார்கள். தண்ணீர் இப்போது பளிச்சென்று நிற்கிறது. உள்ளான் ஒன்றுகூட வருவதில்லை. தண்ணீர் இருக்கும்போது பறவை ஏன் வரவில்லை என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். கொத்துவதற்குச் சேறும், சேற்றில் புழுவும் வேண்டாமா?

இன்னொரு சந்தேகம். மழைக்காலத்து இரவுகளில் எங்கள் வாகன நிறுத்துமிடத்தில், கார்களின் மேல் பெரிய கரும்பச்சை வண்டுகள் வந்து விழுகின்றன. கட்டைவிரல் அளவு. அவையும் சதுப்பு வண்டா?

நீரகம் (திருநெல்வேலி)

அவை வேறு குடும்பம், நாரைக்கண். டைட்டிசிடே என்ற வேட்டை நீர்வண்டுகள். அந்த அளவென்றால் சைபிஸ்டர் பேரினமாக இருக்கும். நம் ஏரிகளிலும் நெல்வயல்களிலும் சாதாரணமாக உள்ளவை. அவற்றின் புழுவும் முதிர்ந்த வண்டும் இரண்டுமே தண்ணீரில் வேட்டையாடும். முதிர்ந்த வண்டு இறக்கை மூடிகளுக்கு அடியில் காற்றைச் சேமித்துக்கொண்டு மூழ்கும்.

காரின் மேல் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. நீர்ப்பூச்சிகள் பல, தண்ணீர்ப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் முனைவாக்கப்பட்ட (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியை வைத்துத்தான் நீர்நிலையை அடையாளம் காண்கின்றன. பளபளக்கும் கார்க்கூரை, கண்ணாடி, சூரிய மின்தகடு ஆகியவை அதே போன்ற ஒளியை எதிரொளிக்கும். வண்டு தண்ணீர் என்று இறங்கிவிடுகிறது. அடுத்த முறை பார்த்தால் எடுத்து ஏரியில் விடுங்கள். பின்பக்கமாகப் பிடியுங்கள், கடிக்கும்.

அவை ஏன் பறக்கின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். ஏரி வற்றும்போதோ, உணவு குறையும்போதோ அடுத்த ஏரியைத் தேடிப் போகின்றன. நம் ஏரிகள், ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் உபரி நீர் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. தண்ணீருக்காக வெட்டிய அந்தத் தொடர், வண்டுகளுக்கும் வழித்தங்கல் ஆகியிருக்கிறது. நடுவில் ஓர் ஏரி போனால் தொடர் அறுகிறது.

கழனி (மதுராந்தகம்)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். இனி என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. அவற்றை வண்டுக்காகவும் நாரைக்காகவும் யாரும் வெட்டவில்லை, நெல்லுக்காக வெட்டினார்கள். எங்கள் ஏரியில் வண்டல் ஏறி, பாதிக் கொள்ளளவு கூட இல்லை. மதகுக்கு முன்னால் சம்பு மண்டி, மதகைத் தூக்கினால் தண்ணீர் மடைக்கு வர மறுக்கிறது. கடைமடைக் கழனிக்கு இரண்டாவது நனைப்புக் கூடக் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் மனுக் கொடுத்து இப்போதுதான் தூர்வார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் சேற்றைத் தொடாதே, கோரையை வெட்டாதே என்று நகரத்திலிருந்து எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. வண்டுக்கு ஈரம் வேண்டும் என்கிறீர்கள். என் பயிருக்கும் ஈரம் வேண்டும்.

நாரைக்கண் (சென்னை)

கழனி அண்ணே, உங்கள் கோபம் நியாயமானது. நான் சொன்னது நடைபாதைக்காகக் கல் பதித்த ஏரியைப் பற்றி. ஆயக்கட்டே (பாசன நிலமே) இல்லாமல் போன ஏரி அது. உங்கள் ஏரியில் தூர்வாரக் கூடாது என்று நான் எழுதவில்லை.

கழனி (மதுராந்தகம்)

நீங்கள் எழுதவில்லை, தம்பி. ஆனால் நாளைக்கு யாராவது இதை எடுத்துக்கொண்டு போய் மனுவாக எழுதுவார்கள். அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

நீரகம் (திருநெல்வேலி)

கழனி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஏரியில் ஆழம் எந்தப் பக்கம்?

கழனி (மதுராந்தகம்)

கரையை ஒட்டித்தான். மதகும் அங்கேதான். எதிர்ப்பக்கம், வரத்துக்கால் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம், மேடு. மழை நின்று தை மாதம் வந்தால் முதலில் அங்கேதான் தண்ணீர் வடியும். மாடு மேயும்.

நீரகம் (திருநெல்வேலி)

நான் எதிர்பார்த்த பதில் இதுதான். நம் ஏரிகளின் அமைப்பு அப்படி. தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை, உயர்ந்த பக்கம் திறந்த சரிவு. தண்ணீர் ஏறி இறங்கும்போது அந்தச் சரிவில் ஈரத்தின் விளிம்பு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். கோரையும் அல்லியும் அங்கே முளைக்கும். சதுப்பு வண்டுக்குப் பிழைக்க வழி இருப்பது அந்த விளிம்பில். புழுவாக இருக்கும்போது ஆழமில்லாத தண்ணீரில் மட்கிய கோரைத்தாளுக்கு அடியில் இருக்கும். வளர்ந்ததும் சில அடி ஊர்ந்தால் ஈர மண். கூட்டுப்புழுப் பருவம் நீண்டதல்ல. முடிந்ததும் பக்கத்துக் கோரையில் ஏறிக்கொள்ளும். ஆழமான மதகுப் பக்கம் அதற்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

எனவே உங்கள் மதகு முன்னால் உள்ள சம்பை வேரோடு எடுங்கள். கரையோர வண்டலை அள்ளிக் கழனியில் போடுங்கள். அந்த வண்டல் உங்கள் உரம். கொள்ளளவு கூடுவதும் அங்கே தோண்டினால்தான். உள்வாயை மட்டும் இயந்திரம் விட்டுச் சமன்படுத்த வேண்டாம். அங்கே தோண்டிச் சேரும் கொள்ளளவு மிகக் கொஞ்சம், போவது நிறைய.

எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். ஏரிக்குள் ஆண்டுதோறும் விழும் இலை, சாயும் கோரை, அழுகும் அல்லி எல்லாம் சேர்ந்தால் மலையளவு. அதை முதலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஊறவைக்கின்றன. ஊறியதைச் சதுப்பு வண்டும் வேறு பல பூச்சிப் புழுக்களும் நத்தைகளும் சுரண்டித் துகளாக்குகின்றன. துகளை இன்னும் சிறிய உயிர்கள் வடிகட்டித் தின்கின்றன. அவற்றைத் தட்டான் புழுவும் சைபிஸ்டர் புழுவும் மீன்குஞ்சும் தின்கின்றன. வண்டு முதிர்ந்து வெளியே பறக்கும்போது, தண்ணீருக்குள் விழுந்த இலையின் சத்தில் ஒரு பங்கைச் சிலந்திக்கும் தவளைக்கும் கரைப் பறவைக்கும் திருப்பித் தருகிறது. கோரைத்தாளைப் பறவை நேராகத் தின்ன முடியாது. இவ்வளவு கை மாறித்தான் அது உள்ளான் வயிற்றுக்குப் போகிறது.

கோஸ்டா ரிகா காடுகளில் அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த புரோமீலியாடுகள் மரங்களின் மேல் வளர்கின்றன. இலைக்கக்கத்தில் மழைநீரைத் தேக்கும் செடிகள். ஒவ்வொரு செடியும் கையளவு சதுப்பு. அங்கேயும் சதுப்பு வண்டுப் புழுக்கள் உண்டு. அங்கே விழும் இலையின் நைட்ரஜனுக்கு அடையாளம் இட்டு அது எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். 2006இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஊசித்தட்டான் புழு இருக்கும் செடிகளில் இலையின் சத்து அதிகமாகச் செடிக்கே போய்ச் சேர்ந்தது. அது இல்லாத செடிகளில், இலை தின்னும் பூச்சிகள் முதிர்ந்து பறக்கும்போது சத்தையும் தங்களோடு வெளியே கொண்டுபோய்விட்டன. சுரண்டுபவனும் வேட்டையாடுபவனும் இரண்டு பேரும் இருந்தால் ஒரு விளைவு, ஒருவர் மட்டும் இருந்தால் வேறு விளைவு. ஏரியில் எது எடுக்கலாம், எது விடலாம் என்று தீர்மானிக்கும்போது எனக்கு எப்போதும் மனத்தில் நிற்பது இந்த ஆய்வு.

பிரம்புக்கோரை (கேம்பிரிட்ஜ்)

நீரகம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உள்வாயைத் தொடவே கூடாது என்று சட்டம் போட வேண்டியதில்லை. கோரையை அறுக்கலாம். பத்தமடைப் பாய் நெய்ய ஆற்றங்கரைக் கோரையை அறுப்பவர்கள் கிழங்கைப் பிடுங்குவதில்லை அல்லவா? மேலே அறுத்தால் மறுபடி தழைக்கும். ஓர் ஆண்டு ஒரு பகுதி, அடுத்த ஆண்டு வேறொரு பகுதி என்று அறுத்தால் கோரையும் கிடைக்கும், வண்டும் இருக்கும்.

கழனி (மதுராந்தகம்)

ஐயா எழுதியதை எங்கள் ஊரில் மதகைத் திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியிடம் வாசித்துக் காட்டினேன். உள்வாய்ப் பக்கத்தைத் தொட வேண்டாம் என்பதில் அவருக்கும் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு எங்களுக்கு வேறு காரணம் இருக்கிறது. பக்கத்து ஊர் ஏரியில் உள்வாயிலும் சேர்த்துச் சுற்றுக்கரை போட்டுவிட்டார்கள். பார்க்கக் குளம் போல அழகாக இருந்தது. மழை பெய்து மேட்டு நிலத்திலிருந்து பரவலாக வழிந்து வரும் தண்ணீர் ஏரிக்குள் இறங்க வழியில்லாமல் போயிற்று. வெளியே தேங்கி வயலைக் கெடுத்தது. உள்ளே ஏரி நிரம்பவில்லை. ஆகவே உள்வாயில் கரை வேண்டாம் என்பதை நான் ஆயக்கட்டுக்காரனாகவே எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்க மாட்டேன். உள்வாயில் மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை எடுத்தே ஆக வேண்டும். ஆகாயத்தாமரையையும் எடுக்க வேண்டும். அதற்கும் வண்டின் பெயரைச் சொல்லித் தடுக்கக் கூடாது.

நீரகம் (திருநெல்வேலி)

இரண்டையும் எடுங்கள். இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆகாயத்தாமரை தண்ணீர்ப் பரப்பை முழுவதும் மூடினால் உள்ளே வெளிச்சமும் ஆக்சிஜனும் போய்விடும். அதைக் கட்டுப்படுத்த நியோகெட்டினா என்ற கூன்வண்டு இனங்களை 1980களில் வெளிநாட்டிலிருந்து தருவித்து இந்திய ஏரிகளில் விட்டார்கள். சில ஏரிகளில் நல்ல பலன் தந்தது. ஒரு வண்டு மற்ற வண்டுகளுக்காக வேலை செய்த கதை அது. ஆனால் சாக்கடை கலக்கும் ஏரியில் செடி வளரும் வேகத்துக்கு வண்டு ஈடுகொடுக்க முடிவதில்லை. அங்கே ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும்.

முதுகலை மாணவி (மயிலாடுதுறை)

எல்லாரும் பேசியதைப் படித்தபின் எங்கள் கல்லூரிக்குப் பக்கத்துக் குளத்தில் சதுப்பு வண்டு இருக்கிறதா என்று பார்க்க ஆசை வந்திருக்கிறது. எப்படித் தேடுவது? கொசுவுக்காகக் குளத்தில் கம்பூசியா மீன் விட்டிருக்கிறார்கள். அதனால் பாதிப்பு உண்டா?

நீரகம் (திருநெல்வேலி)

மீனிலிருந்து தொடங்குகிறேன். கம்பூசியாவை 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவை மட்டும் பொறுக்கித் தின்னும் மீன் அல்ல. வாய்க்கு அடங்கும் நீர்ப்பூச்சி, தவளை முட்டை, மற்ற மீன்குஞ்சு எல்லாம் அதற்கு இரைதான். செடி அடர்ந்த ஆழமில்லாத ஓரத்தில் பூச்சிகளுக்கு ஒளிய இடம் இருந்தால் சில தப்பும். குளத்தின் நடுவில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று திரும்பிவிட வேண்டாம்.

தேட வேண்டிய இடம், கணுக்கால் அளவுத் தண்ணீரில் கோரை சாய்ந்து மட்கிய பகுதி. ஒரு கைப்பிடி மட்கிய தாளை எடுத்து, வெள்ளைத் தட்டில் குளத்துத் தண்ணீரையே ஊற்றி அலசுங்கள். பிறகு கை அசைக்காமல் காத்திருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அலசல் அடங்கிய பிறகுதான் புழு நகரும். நீண்ட உணர்கொம்பு தெரிந்தால் அடையாளம் கண்டுவிட்டீர்கள். படம் எடுத்துக்கொண்டு, தட்டை அங்கேயே கவிழ்த்துவிடுங்கள். முதிர்ந்த வண்டுக்கு இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைக்கலாம். காற்றில்லாத, புழுக்கமான இரவு நல்லது.

இடத்தைக் குறிக்கும்போது தண்ணீர் ஆழம், கரைச் சரிவா செங்குத்தா, என்ன செடி, கரையிலிருந்து எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள். வெறும் பெயர்ப்பட்டியலை விட இந்த நான்கும் கழனி போன்றவர்களுக்கு உதவும்.

கழனி (மதுராந்தகம்)

கட்டாயம் உதவும். எங்கள் ஏரியில் வேலை தொடங்கும் முன்பு பொறியாளர் வந்து எல்லை குறிப்பார். உள்வாயில் எதுவரை இயந்திரம் வரக் கூடாது என்று அவரிடம் கைகாட்டிச் சொல்ல வேண்டும். வண்டு இருக்கிறது என்று வெறுமனே சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஐயா, எவ்வளவு தூரம் விட்டால் போதும்?

நீரகம் (திருநெல்வேலி)

அடிக்கணக்கில் ஒரு எண்ணைச் சொல்வதை விட, ஏரியையே கேட்பது நல்லது. முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்கும்போது அதன் விளிம்புக் கோட்டைக் கம்பு நட்டுக் குறியுங்கள். தை மாதக் கடைசியில் விளிம்பு எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கே இரண்டாவது வரிசைக் கம்பு நடுங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் இயந்திரம் இறங்கக் கூடாது என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். காட்டாமணக்கை அந்தப் பகுதியில் ஆள் வைத்துப் பிடுங்குங்கள். இயந்திரம் போட்டால் சேறு முழுவதும் புரளும். வேலையைச் சித்திரை, வைகாசியில் வைத்துக்கொண்டால் அந்தப் பகுதி காய்ந்திருக்கும். வண்டுகளுக்கும் சேதம் குறைவு.

கழனி (மதுராந்தகம்)

முதல் வரிசைக் கம்பை இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது நட்டுவிடுகிறோம். நீர்க்கட்டி ஒப்புக்கொண்டார். மாணவி தங்கைக்கு விருப்பம் இருந்தால் தையில் எங்கள் ஊருக்கு வரட்டும், உள்வாயில் இறங்கிப் பார்க்கலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்.